கோலாலம்பூரில் வெளிவந்த நல்ல செய்தி ஐந்து மாதம்தான் நின்றது

(டெங்கிலில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் 3ஆம் தேதி. கோலாலம்பூர் மாநாட்டு மையம். சாலை நெரிசல் இல்லாத நாளில் இந்த டெங்கிலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், இரட்டைக் கோபுரத்துக்கு அருகில்தான். அனைத்துலக எய்ட்ஸ் கழகத்தின் ஏழாவது அறிவியல் மாநாடு அங்கே நான்கு நாள் நடந்து, அன்று நிறைவு பெற்றது. அந்த மாநாட்டுக்கு இரண்டு தலைவர்கள். ஒருவர், எய்ட்ஸ் கிருமியைக் கண்டுபிடித்ததற்காக 2008இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு அம்மையார் பிரான்சுவாஸ் பாரே-சினூசி. மற்றவர் நம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டாக்டர் அதீபா கமாருல்சமான்.

அன்று போஸ்டன் நகர மருத்துவர் திமொத்தி ஹென்ரிக் ஒரு செய்தியைச் சொன்னார். எச்.ஐ.வி. கிருமியோடு பல்லாண்டு வாழ்ந்த இரண்டு ஆண்கள். இருவருக்கும் நிணநீர்ப் புற்றுநோயும் வந்தது. புற்றுநோய்க்காக வேறொருவரின் ஸ்டெம் செல்லை, அதாவது குருத்தணுவை, இருவருக்கும் செலுத்தினார்கள். பிறகு எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருவருக்கு 15 வாரம், மற்றவருக்கு 7 வாரம் ஆகிவிட்டது. இரத்தத்தில் கிருமியின் சுவடே இல்லை!

டாக்டர் ஹென்ரிக் அங்கேயே எச்சரித்தார். இதைக் குணமடைந்தது என்று இப்போது சொல்ல முடியாது, இன்னும் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார். ஆனால் எச்சரிக்கை என்றைக்குத் தலைப்புச் செய்தியாகி இருக்கிறது? மறுநாள் உலகம் முழுக்க 'எய்ட்சுக்கு மருந்து' என்ற தோரணையில்தான் செய்தி ஓடியது. சொன்ன ஊர் நம் ஊர் என்பதால் இங்கே இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஓடியது.

அதே ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்த கூட்டமொன்றில் அதே மருத்துவர் எழுந்து நின்றார். இருவருக்கும் கிருமி திரும்பி வந்துவிட்டது. ஒருவருக்கு மாத்திரை நிறுத்திய 12ஆவது வாரத்தில், மற்றவருக்கு 32ஆவது வாரத்தில். ஐந்தே மாதம். இந்த இரண்டாவது செய்தியை எத்தனை பேர் படித்தோம்? வந்திருந்தாலும் உள்பக்கத்தில் ஒரு மூலையில் நான்கு வரியாக வந்திருக்கும்.

ஆனால் அந்த ஐந்து மாதத்தைப் புரிந்துகொண்டால்தான் இந்தச் சிகிச்சை எங்கே பலிக்கிறது, எங்கே பலிக்காமல் போகிறது என்பது விளங்கும்.

முதலில் குருத்தணு என்றால் என்ன? நம் எலும்புக்குள் இருக்கும் மச்சைதான் இரத்தத்தின் பிறப்பிடம். சிவப்பணு, வெள்ளையணு, இரத்தம் உறைய உதவும் தட்டணு எல்லாவற்றுக்கும் தாயாக ஓர் அணு அங்கே இருக்கிறது. அதுதான் இரத்தக் குருத்தணு. வாழைக் கன்றுக்கு அடியில் இருக்கும் கிழங்கு மாதிரி. மேலே வெட்டினாலும் கீழே இருந்து கிளம்பும். இரத்தப் புற்றுநோய் வந்தால் அந்தக் கிழங்கே கெட்டுப் போகிறது. அப்போது வீரியமான மருந்தும் சிலருக்குக் கதிர்வீச்சும் கொடுத்து பழைய மச்சையை அழித்துவிட்டு, பொருத்தமான இன்னொருவரின் குருத்தணுவை இரத்தம் ஏற்றுவது போலவே நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். அது தானாகவே எலும்புக்குள் போய்க் குடியேறும். இந்தச் சிகிச்சை நமக்குப் புதிதல்ல. 1987ஆம் ஆண்டிலேயே கோலாலம்பூரின் பல்கலைக்கழக மருத்துவமனையில் செய்துவிட்டார்கள். இன்று இரத்த நோய்களுக்கு அம்பாங் மருத்துவமனை பெயர் பெற்றது.

எச்.ஐ.வி. கிருமி தங்கி வாழ்வதும் இந்த இரத்த அணுக்களில்தான். நோய் எதிர்ப்புப் படையின் தளபதி போன்ற ஒரு வகை வெள்ளையணுவைத்தான் அது பிடிக்கிறது. அதற்குள் நுழைய அதற்கு இரண்டு பிடி வேண்டும். முதல் பிடிக்குப் பெயர் சி.டி.4. இரண்டாவது பிடி சி.சி.ஆர்.5. கதவில் பூட்டும் தாழ்ப்பாளும் இருப்பது போல இரண்டும் திறந்தால்தான் உள்ளே போகும்.

சிலர் பிறவியிலேயே இந்த இரண்டாவது பிடி இல்லாமல் பிறக்கிறார்கள். சி.சி.ஆர்.5 மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டுப் போயிருக்கும். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அந்தக் குறையுள்ள மரபணுவே வந்துவிட்டால், அவர்களின் அணுவில் கிருமிக்குப் பிடிக்க இடமே கிடையாது. வட ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர் அப்படி இருக்கிறார். ஆசிய மக்களிடையே, இந்தியர்களாகிய நம்மிடையே, அது அரிதிலும் அரிது. இந்த விவரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜெர்மனியின் பெர்லினில் திமொத்தி ரே பிரவுன் என்ற அமெரிக்கர் வசித்து வந்தார். 1995இல் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. 2006இல் இரத்தப் புற்றுநோயும் சேர்ந்துகொண்டது. பட்ட காலிலே படும் என்பார்களே, அப்படி. அவருக்குச் சிகிச்சையளித்த கெரோ ஹூட்டர் எய்ட்ஸ் நிபுணர் அல்லர், இரத்தப் புற்றுநோய் மருத்துவர். எப்படியும் குருத்தணு மாற்ற வேண்டும், அப்படியானால் சி.சி.ஆர்.5 இல்லாத கொடையாளராகவே தேடினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. பொருத்தமானவர்கள் என்று பதிவேட்டில் கிடைத்தவர்களை ஒவ்வொருவராகச் சோதித்தார்கள். 61ஆவது ஆளிடம் அந்த மரபணு இருந்தது.

2007 பிப்ரவரியில் முதல் மாற்று. அன்றோடு எச்.ஐ.வி. மாத்திரை நின்றது. புற்றுநோய் திரும்பியதால் 2008 பிப்ரவரியில் அதே கொடையாளரிடமிருந்து இரண்டாவது மாற்று. இரண்டாவது சிகிச்சைக்குப் பிறகு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மூளையும் நரம்பும் பாதிக்கப்பட்டு, நடக்கவே மறுபடி பழக வேண்டியிருந்தது. ஆனால் எச்.ஐ.வி. மட்டும் திரும்பவே இல்லை. 2020 செப்டம்பரில் அவர் இறந்தபோது வயது 54. உயிரைக் கொண்டுபோனது மீண்டும் தலைதூக்கிய புற்றுநோய்.

'பெர்லின் நோயாளி' என்று மருத்துவ உலகம் அழைத்தது இவரைத்தான். 2010இல் தாமாகவே முன்வந்து தம் பெயரை வெளியிட்டார். எச்.ஐ.வி. என்றாலே முகத்தை மறைத்துக்கொள்ளும் உலகத்தில் அது சின்ன காரியமல்ல.

அவருக்கு அடுத்த ஆளுக்காக உலகம் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தது. 2019 மார்ச்சில் லண்டன் நோயாளியைப் பற்றிய அறிவிப்பு வந்தது. ஆய்வுக்குழுவின் தலைவர் ரவீந்திர குப்தா என்ற பேராசிரியர். நோயாளி, வெனிசுலாவில் பிறந்த ஆடம் காஸ்டிலேஹோ. அவருக்கு 2016இல் குருத்தணு மாற்று, 2017 செப்டம்பரில் மாத்திரை நிறுத்தம். பிறகு ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் மார்க் ஃபிராங்கே, அமெரிக்காவில் பால் எட்மண்ட்ஸ். எட்மண்ட்ஸுக்கு 1988இலேயே எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. சிகிச்சை நடந்தபோது வயது 63. முப்பது ஆண்டுக்கு மேல் அந்தக் கிருமியோடு குடித்தனம் நடத்தியவர்.

2022இல் நியூ யார்க்கிலிருந்து வந்த செய்தி வேறு விதம். நோயாளி ஒரு பெண்மணி, கலப்பினத்தவர். அவருக்குச் செலுத்தியது தொப்புள் கொடி இரத்தத்தில் எடுத்த குருத்தணு. தொப்புள் கொடி இரத்தத்தில் அளவு குறைவு, அது வேர் பிடிக்க நாளாகும். அதுவரை தாக்குப் பிடிக்க உறவினர் ஒருவரின் அணுவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கொடி இரத்தத்துக்கு முழுப் பொருத்தம் தேவைப்படாது. வெள்ளையர் அல்லாத மக்களுக்கு இந்த வழியில் கதவு கொஞ்சம் திறக்கிறது.

இந்த இடத்தில் சில பெற்றோருக்கு ஒரு கேள்வி எழும். 'எங்கள் பிள்ளையின் தொப்புள் கொடி இரத்தத்தைக் காசு கட்டிச் சேமித்து வைத்திருக்கிறோமே, அது உதவுமா?' உதவாது. உங்கள் பிள்ளையின் குருத்தணுவில் இருப்பது உங்கள் பிள்ளையின் மரபணுதான். அதே தாழ்ப்பாள்தான் அதிலும் இருக்கும். நியூ யார்க் பெண்மணிக்குக் கிடைத்தது, அந்த அரிய மரபணு இருப்பதாகச் சோதித்துத் தேர்ந்தெடுத்த வேறொரு குழந்தையின் கொடி இரத்தம்.

அடுத்து 2023இல் ஜெனிவா, 2024இல் மீண்டும் பெர்லின். இந்த இரண்டும் அறிஞர்களையே குழப்பின. ஜெனிவா நோயாளிக்குக் குருத்தணு கொடுத்தவரிடம் அந்த அரிய மரபணு கிடையாது. சாதாரண ஆள். பெர்லினின் இரண்டாவது நோயாளிக்குக் கொடுத்தவரிடம் ஒரு பாதிதான் இருந்தது. இருந்தும் இருவருக்கும் கிருமி திரும்பவில்லை. அப்படியென்றால் கோலாலம்பூரில் அறிவித்த அந்த இரு போஸ்டன் நோயாளிகளுக்கு மட்டும் ஏன் திரும்பியது?

ஒரு விளக்கம் இப்படிப் போகிறது. எச்.ஐ.வி. சில அணுக்களுக்குள் உறங்கிக் கிடக்கும். சாம்பல் பூத்த நெருப்பு. மாத்திரை அதைத் தொடாது, சோதனைக் கருவிக்கும் அகப்படாது. புதிதாக வந்த குருத்தணுவிலிருந்து பிறக்கும் படை, பழைய உடம்பின் அணுக்களை அந்நியன் என்று தாக்கும்போது, உறங்கும் கிருமியும் அவற்றோடு சேர்ந்து அழியலாம். ஆனால் முழுக்க அழிந்ததா, ஒரே ஓர் அணு மிச்சமா என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. புதிய அணுவில் தாழ்ப்பாள் இல்லாவிட்டால் அந்த ஒரு பொறி பற்றிக்கொள்ள வழியில்லை. போஸ்டன் நோயாளிகளின் புதிய அணுவில் தாழ்ப்பாள் இருந்தது, பொறி பற்றிக்கொண்டது. ஜெனிவாவில் ஏன் பற்றவில்லை என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

தாழ்ப்பாள் இல்லாத அணுவைக் கொடுத்தும் தோற்ற கதையும் உண்டு. ஜெர்மனியின் எசன் நகரில் ஒருவருக்கு அப்படிக் கொடுத்தார்கள். அவர் உடம்பில் இருந்த கிருமியோ சி.சி.ஆர்.5-ஐ விட்டுவிட்டு வேறொரு பிடி வழியாக நுழையத் தெரிந்த வகை. திரும்பி வந்துவிட்டது.

2024 ஜூலை வரை, குருத்தணு மாற்றின் மூலம் எச்.ஐ.வி.யிலிருந்து விடுபட்டதாக இப்படி அறிவிக்கப்பட்டவர்கள் 7 பேர். அதற்குப் பிறகும் ஓரிரு செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. உலகத்தில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களோ ஏறத்தாழ 4 கோடி. இந்த ஏழு பேருக்கும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். எல்லாருக்கும் புற்றுநோய் இருந்தது. எச்.ஐ.வி.க்காக மட்டும் எவருக்கும் இதைச் செய்யவில்லை. காரணம், சிகிச்சையே உயிரைக் குடிக்கக்கூடியது. பழைய மச்சையை அழித்த பிறகு புதியது முளைக்கும் வரை ஒரு சாதாரணச் சளிகூட ஆளைக் கொண்டுபோகும். புதிய படை நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கலாம். புற்றுநோயால் சாகப் போகிறவருக்கு அந்த ஆபத்து ஏற்றுக்கொள்ளத் தக்கது. நாளைக்கு ஒரு மாத்திரையில் நல்லபடி வாழ்கிறவரை அந்த மேசையில் படுக்க வைப்பது மருத்துவமாகாது.

இனி டெங்கிலுக்கு வருவோம். இந்த ஊரில் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வயது நாற்பது. லாரி ஓட்டுகிறார். எச்.ஐ.வி. இருப்பது ஆறு ஆண்டுக்கு முன் தெரிந்தது. மாத்திரையை உள்ளூர்க் கிளினிக்கில் வாங்கமாட்டார், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களாம். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத் தூரத்து மருத்துவமனைக்குப் போகிறார். வீட்டில் தாய்க்குத் தெரியும், தம்பி மனைவிக்குத் தெரியாது. தெரிந்தால் தட்டும் தம்ளரும் தனியாகிவிடும் என்ற பயம். இப்படி இருப்பவருடைய கைப்பேசிக்கு ஒரு நாள் ஒரு செய்தி வருகிறது. 'எய்ட்ஸ் குணமாகிவிட்டது. ஸ்டெம் செல் சிகிச்சை.' கூடவே ஒரு தொலைபேசி எண், ஒரு விலை.

அவருடைய மனம் என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு விதமாக அவர் கெட்டுப் போகலாம். ஊசி போடுகிறோம், குளிகை கொடுக்கிறோம் என்று சொல்கிற யாரிடமாவது சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டலாம். அல்லது, மருந்துதான் வரப்போகிறதே என்று கையில் இருக்கும் மாத்திரையை விட்டுவிடலாம். முதலாவதில் போவது பணம். இரண்டாவதில் உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே கிருமி திரும்பிப் பெருகிவிடும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமிக்கு மருந்து பழகிப் போய், பிறகு அதே மாத்திரை வேலை செய்யாமலும் போகலாம்.

பெர்லினிலும் லண்டனிலும் செய்தது, கிருமிநீக்கிய தனியறையில் வாரக்கணக்கில் படுக்க வைத்து, மச்சையை அழித்துச் செய்த மாற்று. கடையில் விற்கும் 'ஸ்டெம் செல்' குளிகைக்கும் முகப்பூச்சுக்கும் அதற்கும் பெயர் ஒன்றுதான், வேறு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆப்பிளில் எடுத்தது, ஆட்டில் எடுத்தது என்று சொல்லி விற்கிறார்கள். வாயால் விழுங்கிய எந்த அணுவும் வயிற்றில் செரித்துப் போகுமே தவிர எலும்புக்குள் போய்க் குடியேறாது.

அந்த லாரி ஓட்டுநர் கையில் இருக்கும் மாத்திரை எப்படி வந்தது என்பதும் ஒரு கதை. 1986இல் நம் நாட்டில் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. அதே ஆண்டு சென்னையில் செல்லப்பன் நிர்மலா என்ற முதுகலை மாணவியும் அவருடைய ஆசிரியர் டாக்டர் சுனிதி சாலமனும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். சேகரித்த மாதிரிகளை வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அந்தக் காலத்தில் மருந்தே இல்லை. 1996 வாக்கில் கூட்டு மருந்து வந்தது, ஆனால் விலை யானை விலை. 2003இல் மலேசிய அரசாங்கம் ஒரு துணிச்சலான முடிவெடுத்தது. காப்புரிமை உள்ள எச்.ஐ.வி. மருந்துகளை, அரசாங்கப் பயன்பாட்டுக்கான உரிமையைக் கொண்டு, இந்தியாவின் சிப்ளா நிறுவனத்திடமிருந்து மலிவாக வாங்க அனுமதித்தது. விலை பெருமளவு இறங்கியது. 2006இலிருந்து முதல் கட்ட மருந்து அரசாங்க மருத்துவமனைகளில் இலவசம்.

2013 கோலாலம்பூர் மாநாட்டில் வெளிவந்த இன்னொரு செய்தியும் உண்டு. போஸ்டன் பரபரப்பில் அது அமுங்கிப் போனது. உலகச் சுகாதார நிறுவனம் தன் புதிய சிகிச்சை வழிகாட்டியை அந்த மாநாட்டில்தான் வெளியிட்டது. அதுவரை எதிர்ப்பணு எண்ணிக்கை 350க்குக் கீழே போனால் மாத்திரை தொடங்கு என்றிருந்ததை 500 என்று உயர்த்தியது. அதாவது, நோய் முற்றும் வரை காத்திராதே, முன்கூட்டியே தொடங்கு. 2015இல் அந்த எண்ணையும் எடுத்துவிட்டு, தொற்று தெரிந்த எல்லாருக்கும் உடனே மருந்து என்று ஆக்கியது. குணமானது என்று சொன்னது ஐந்து மாதத்தில் பொய்த்தது. அலங்காரமில்லாத இந்த எண் மாற்றம்தான் ஊர் ஊராக உயிர்களைக் காப்பாற்றியது.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி அளவிட முடியாத நிலைக்குப் போனவரிடமிருந்து உடலுறவு மூலம் எச்.ஐ.வி. பரவுவதில்லை. இது ஆறுதலுக்குச் சொல்வதல்ல. ஐரோப்பாவில் 800 இணைகள் வரை பல ஆண்டு பின்தொடர்ந்து, மருந்து எடுப்பவரிடமிருந்து துணைக்கு ஒரு தொற்றுகூட போகவில்லை என்று 2019இல் வெளியிட்டார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை மலேசியா ஒழித்துவிட்டதாக 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அதைப் பெற்ற முதல் நாடு நாம்தான். தட்டையும் தம்ளரையும் தனியாக வைப்பவர்களுக்கு இதையெல்லாம் யார் சொல்வது? சாப்பாட்டுத் தட்டில் என்றைக்குமே எச்.ஐ.வி. பரவியதில்லை.

அப்படியானால் இந்த ஏழு பேரால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. ஒழிக்க முடியுமா என்ற கேள்விக்கு முடியும் என்ற பதில் பெர்லினில் கிடைத்தது. இப்போது ஆபத்தில்லாமல் எப்படி என்பதுதான் கேள்வி. நோயாளியின் சொந்த அணுவையே வெளியே எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றித் திரும்பச் செலுத்தும் முயற்சிகள் நடக்கின்றன. இதிலும் அவசரக்காரர்கள் உண்டு. 2018இல் சீன ஆராய்ச்சியாளர் ஒருவர் பிறக்கப்போகும் குழந்தைகளின் கருவிலேயே இந்த மரபணுவை வெட்டினார். இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தார்கள். உலகமே கண்டித்தது, 2019இல் அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

கடைசியாக அந்த 61ஆவது ஆள். அந்த அரிய மரபணு நம்மிடையே அரிதிலும் அரிது என்பதால், பெர்லினில் நடந்தது ஒரு தமிழருக்கு அதே வகையில் நடக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. ஆனால் குருத்தணுப் பதிவேடு எச்.ஐ.வி.க்காக ஏற்பட்டதல்ல. இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைக்கு, தலசீமியா வந்த பிள்ளைக்கு, அந்தப் பதிவேடுதான் வாழ்வு. உடன்பிறந்தவர் ஒருவர் முழுப் பொருத்தமாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று. புத்ராஜெயா எழுவதற்கு முன் தோட்டத்தில் வீட்டுக்கு எட்டுப் பிள்ளை இருந்தது. இன்று தாமான் வீட்டில் இரண்டு. உடன்பிறப்பு பொருந்தாவிட்டால் வெளியே தேட வேண்டும். பொருத்தம் பெரும்பாலும் ஒரே வம்சாவளியில்தான் கிடைக்கும். தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழரிடம்தான் தேட வேண்டியிருக்கும். பதிவேட்டில் தமிழர் பெயர் இல்லாவிட்டால் எங்கே தேடுவது?

மலேசியக் குருத்தணுப் பதிவகம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. சென்னையில் 'தாத்ரி' என்ற பதிவகம் 2009இலிருந்து இயங்குகிறது. பெயர் கொடுக்கும்போது சோதனைக்காகச் சிறிது இரத்தமோ கன்னத்தின் உட்புறத்து எச்சிலோ எடுப்பார்கள். பிறகு ஆண்டுக்கணக்கில் யாரும் அழைக்காமலும் போகலாம். அழைத்தால், நான்கைந்து நாள் ஊசி போட்டுக் குருத்தணுவை இரத்தத்துக்குள் இறங்க வைத்து, கை நரம்பிலிருந்து சில மணி நேரம் எடுக்கிறார்கள். எலும்பை அறுப்பதோ முதுகுத்தண்டில் துளைப்பதோ இதில் இல்லை. உடம்பு வலியும் தலைவலியும் சில நாள் இருக்கும், கொடுத்த அளவு சில வாரங்களில் தானே ஊறிவிடும்.